பீடி இலையும் பெர்சிமன் பழமும்

சிங்கப்பூரில் பருவம் பார்க்க வானத்தை நம்பிப் பயனில்லை. வெயில் அடிக்கும், மழை கொட்டும், மறுபடியும் வெயில் அடிக்கும். குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்த தென்காசிக்காரிக்கு ஆடி மாதம் சாரல் இல்லாமல் கழிவதை ஏற்கவே கொஞ்ச காலம் பிடித்தது. அப்புறம் ஈரச்சந்தையின் பழக்கடைகளைப் பார்த்து மாதம் சொல்லப் பழகிக்கொண்டேன். டுரியான் வாடை தூக்கினால் ஜூன், ஜூலை. மாண்டரின் ஆரஞ்சு பெட்டி பெட்டியாக இறங்கினால் சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. தட்டில் தக்காளியை அடுக்கியதுபோல பெர்சிமன் பழம் ஏறிவிட்டால் அக்டோபர். தீபாவளிக்குத் துணி எடுக்க லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குக் கிளம்ப வேண்டும்.

பெர்சிமன் இங்கே விளைவதில்லை. கொரியா, ஜப்பான், சீனா, ஸ்பெயின் என்று குளிர்காலம் உள்ள ஊர்களிலிருந்து வருகிறது. அந்த மரத்துக்கு இலை உதிர்த்து ஓய்வெடுக்கக் கொஞ்சமாவது குளிர் வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு எங்கே போவது? குளிர்சாதன அறையில்தான் மரம் நட வேண்டும்.

எங்கள் சந்தைக் கடைக்காரர் பழத்தைப் பையில் போடுமுன் ஒரு கேள்வி கேட்பார். இன்றைக்குச் சாப்பிடவா, வைத்திருந்து சாப்பிடவா? காரணம் உண்டு. சப்பையாக இருக்கும் ஃபூயூ வகையைக் கெட்டியாக இருக்கும்போதே நறுக்கித் தின்னலாம். நுனி கூம்பி நீண்டிருக்கும் ஹச்சியா வகை, தோலுக்குள் கூழாகித் தளதளவென்று ஆடும்வரை காத்திருக்க வைக்கும். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு நாள் காயாக இருந்த ஹச்சியாவைக் கடித்துவிட்டு, வாய்க்குள் யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்ட மாதிரி நின்றார். அவ்வளவு துவர்ப்பு.

துவர்ப்புக்குக் காரணம் டானின். காயில் அது கரையும் நிலையில் இருக்கிறது. கடித்தவுடன் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் நாக்கு வறண்டு இழுக்கிறது. பழம் கனியக் கனிய அந்த டானின் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிக் கரையாத பொருளாகிவிடும். அதாவது டானின் எங்கும் போய்விடுவதில்லை, நாக்குக்குத்தான் அகப்படுவதில்லை. ஜப்பானில் காம்புப் பக்கம் சாராயம் தடவி மூடி வைத்துத் துவர்ப்பை எடுப்பார்கள். பெரிய அளவில் விற்பவர்கள் கரியமில வாயுவுக்குள் வைத்து எடுக்கிறார்கள். நான் செய்வது நம் ஊரில் சப்போட்டாவுக்குச் செய்யும் அதே வேலைதான், அரிசி டின்னுக்குள் புதைத்துவிடுவேன்.

எதிர் வீட்டுச் சீன ஆண்டிக்கு இந்தப் பழத்தைப் பற்றி இரண்டு சட்டங்கள். நண்டோடு சேர்த்துத் தின்னக் கூடாது. வெறும் வயிற்றில் தின்னக் கூடாது. நண்டு விஷயத்தைப் பத்தியம் என்று விட்டுவிட்டேன். இரண்டாவதில் உண்மை இருக்கிறது. துவர்ப்பான பழத்தை நிறையத் தின்றால், டானின் வயிற்று அமிலத்தில் இறுகி, நாரோடு சேர்ந்து கல் போன்ற கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட கட்டிகளை மருத்துவமனையில் கொக்கோ கோலா குடிக்க வைத்துக் கரைத்துப் பார்த்ததும் உண்டு. ஆண்டியிடம் அதைச் சொன்னபோது, அந்தக் கருப்புத் தண்ணீர் கல்லைக் கரைக்கும் என்றால் குழந்தைக்கு ஏன் வாங்கிக் கொடுக்கிறாய் என்று எனக்கே திருப்பினார்.

சரி, இது எந்த மரத்துக்குச் சொந்தம் என்று ஒரு நாள் தேடிப் பார்த்தேன். டயோஸ்பைரோஸ் என்ற பேரினம். 500க்கும் மேற்பட்ட மர வகைகள் அதில் அடக்கம். யானைப் பொம்மைக்குப் போகும் கருநிற எபனி அதில் ஒன்று. இப்போது ஆளாளுக்குப் போட்டிருக்கும் கருங்காலி மாலையில் இருப்பது இதுதானா என்று கேட்டால் சொல்ல முடியாது. ஏனென்றால் எபனியையும் கருங்காலி என்கிறோம், சித்த மருத்துவத்தில் சொல்லும் கருங்காலியோ வேறு மரம். மாலை விற்பவரிடம் கேட்டுத் தெளிவு கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது எபனி இல்லை, பீடி இலை. பீடி சுற்றும் இலையைத் தரும் மரமும் பெர்சிமனுக்குப் பங்காளிதான்.

எங்கள் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு. அம்மா சாயங்காலமே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவாள். காலையில் தகரத் தகட்டை இலைமேல் வைத்து, நரம்பு ஓட்டம் பார்த்து, கத்தரியால் அளவாக வெட்டுவாள். மடியில் சொளகு, அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி, விரல் நுனியால் உருட்டி, வாயை மடக்கி, அடியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் ஒரு பீடி. ஆயிரம் சுற்றினால்தான் கூலிக் கணக்கு. இலை கிழிந்தால் நஷ்டம் அவளுக்குத்தான். நான் படித்தது அந்த இலையில்.

அம்மா இங்கே வந்திருந்தபோது பழத்தை நறுக்கிக் கையில் கொடுத்து, “ஒன் பீடி எலைக்குச் சொந்தக்காரப் பழம்மா இது” என்றேன். அவள் பழத்தைத் தின்னவில்லை, என்னைப் பார்த்தாள். “அந்த மரம் காய்க்குமாட்டி?”

வருஷக்கணக்காக இலையைத் தொட்டவள் மரத்தைப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பாள்? இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து மூட்டையாக வருவது. கோடையில், பழங்குடி மக்கள் விடிகாலையிலேயே காட்டுக்குள் போய்ப் பறித்துக் கட்டி உலர்த்தும் இலை அது. அந்த மரமும் காய்க்கும், மஞ்சளாகப் பழுக்கும், அந்தப் பக்கத்துச் சந்தைகளில் கோடையில் விற்கும். சொன்னதும், “நமக்கு எலையை மட்டும் அனுப்பிட்டுப் பழத்தை அவனுவளே தின்னுட்டானுவளா” என்றபடி ஒரு துண்டை வாயில் போட்டாள்.

இலையால் சுற்றும் வேலை பெர்சிமனுக்கும் உண்டு. ஜப்பானில் நாரா பக்கம், உப்பிட்ட கானாங்கெளுத்தித் துண்டைச் சோற்றின்மேல் வைத்து அந்த இலையில் பொதிந்து விற்கிறார்கள். காயைக்கூட அவர்கள் விடுவதில்லை. பச்சைக் காயை இடித்துப் பிழிந்து, சாற்றைப் புளிக்க வைத்து, காகிதத்துக்கும் துணிக்கும் மரத்துக்கும் பூசுகிறார்கள். தண்ணீர் இறங்காது, பூச்சி அண்டாது. நம் பக்கத்துப் பனிச்சை மரமும் இதே பேரினம்தான். அதன் காய்ச்சாற்றை மீன் வலைக்கும் படகுப் பலகைக்கும் பூசுவது மலபாரிலும் வங்காளத்திலும் பழைய வழக்கம். துவர்ப்பு என்று நாக்கு துப்பியதை வலைக்கு மருந்தாக்கும் யோசனை இரண்டு கடற்கரைகளிலும் தோன்றியிருக்கிறது.

உலர்ந்த பெர்சிமன்தான் அம்மாவுக்குப் பிடித்துப்போனது. தோல் சீவி, நூலில் கட்டி, வாரக்கணக்கில் குளிர்காற்றில் தொங்கவிடுவார்கள். ஜப்பானில் நடுநடுவே விரலால் பிசைந்தும் விடுவார்கள். பழத்தின் சர்க்கரையே வெளியே வந்து வெள்ளையாகப் படியும். அம்மா முதலில் அதைப் பூஞ்சணம் என்று முந்தானையில் துடைக்கப் போனாள். இங்கே வீட்டில் உலர்த்தலாமா என்று கேட்டாள். இந்த ஈரக் காற்றில் தொங்கவிட்டால் நிஜப் பூஞ்சணமே கிடைக்கும் என்றேன்.

அதைத் தின்றுகொண்டே ஆச்சியும் பேத்தியும் கேட்ட கொரியக் கதை இது. பசியோடு ஒரு புலி ஊருக்குள் வருகிறது. ஒரு வீட்டில் குழந்தை அழுகிறது. “புலி வந்திருக்கு, அழாதே” என்கிறாள் தாய். அழுகை நிற்கவில்லை. “இந்தா, கொத்கம்” என்கிறாள். கொத்கம் என்றால் உலர்ந்த பெர்சிமன். அழுகை டக்கென்று நின்றுவிடுகிறது. என்னைவிடப் பயங்கரமான ஒன்று உள்ளே இருக்கிறது என்று புலிக்கு உதறல். தொழுவத்தில் போய் ஒளிகிறது. மாடு திருட வந்தவன் இருட்டில் தடவிப் பார்த்து, கொழுத்த மாடு என்று புலியின் முதுகில் ஏறிவிடுகிறான். கொத்கம் பிடித்துவிட்டது என்று புலி ஓட்டம் பிடிக்கிறது. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பூச்சாண்டியைக் காட்டி எங்களை அடக்கியவள் அல்லவா.

இந்தப் பேரினத்தில் இங்கத்து வெக்கையிலேயே வளரும் மரமும் உண்டு. மலாயில் புவா மெந்தேகா என்பார்கள், பிலிப்பீன்ஸிலிருந்து வந்தது, பழத்தின் மேல் மயிர்மயிராக வெல்வெட் போர்த்தியிருக்கும். பூங்காவில் ஒன்று விழுந்து கிடந்தது. அம்மா ஆசையாக எடுத்து முகர்ந்தாள். பழைய பாலாடைக்கட்டி வாடை.

“இவனுவ வேற வகையறா” என்று கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவக் குழாய் தேடினாள்.