பித்தப்பை ஆபரேஷன்: முதல் முழு மயக்கம்

பித்தப்பையில் கல் இருக்கிறது, பையோடு எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "முழு மயக்கமா டாக்டர்?" என்பதுதான். ஆமாம் என்றார். அதன்பிறகு அவர் படம் வரைந்து விளக்கியது எதுவும் மனதில் ஏறவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆபரேஷன் என்றால் முதுகில் ஊசி போட்டுச் செய்வதுதான். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அப்படித்தான் செய்தார்கள். எனக்கு இரண்டு பிரசவமும் சுகப்பிரசவம். சுயநினைவு இல்லாமல், மூச்சைக்கூட இன்னொருவர் பார்த்துக்கொள்ளும்படி படுத்துக் கிடப்பதை நினைத்தாலே வயிறு கலங்கியது.

வலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டுச் சாப்பாடு, பூரி, வடை என்று எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். அங்கிருந்து முதுகுப் பக்கம் தோள்பட்டை வரை இழுக்கும். வீட்டில் எல்லோரும் கேஸ் என்றார்கள். ஸ்கேனில்தான் கல் என்று தெரிந்தது. தெரிந்த உடனே வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம். பித்தப்பையில் உருவாகும் கல் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. சிறுநீரில் வெளியேற அதற்கு வழியே கிடையாது. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் திரும்பவும் கல் உருவாகும் என்பதால்தான் பையோடு எடுக்கிறார்கள்.

மறுபடி போனபோது சர்ஜனிடம், முதுகில் ஊசி போட்டுச் செய்யக்கூடாதா என்று கேட்டேன். வயிற்றில் நான்கு சின்னத் துளை போட்டு, உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தி, கூடாரம் மாதிரி வயிற்றை உப்ப வைத்துவிட்டுத்தான் கேமராவை விடுவார்களாம். அந்த வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்ற தசையை மேலே தள்ளும். அந்த நேரத்தில் நாமே மூச்சு விடுவது சிரமம், அசைந்தாலும் ஆபத்து. அதனால் தசைகளைத் தளர்த்தி, தொண்டையில் குழாய் வைத்து, மெஷின் மூலம் மூச்சுக் கொடுப்பதுதான் வழக்கம் என்றார். காரணம் புரிந்த பிறகு பயம் போகவில்லை, ஆனால் பாதியாகக் குறைந்தது. இந்த முறையில் பித்தப்பையை எடுப்பது 1985-ல் ஜெர்மனியில் எரிக் மியூஹே என்ற சர்ஜன் தொடங்கியது. இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா செய்து காட்டினார். அதற்கு முன்பெல்லாம் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் எடுப்பார்கள். என் பெரியம்மாவின் வயிற்றில் அந்தத் தழும்பைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நாம் சர்ஜனைத் தேர்ந்தெடுக்க ஊரெல்லாம் விசாரிக்கிறோம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் பார்க்க அனுப்புவார்கள். 'ஃபிட்னஸ்' வாங்குவது என்று சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் முடித்துவிட்டு ஒரு கையெழுத்துக்காகப் போகிற மாதிரிதான் நிறையப் பேர் போகிறார்கள். உண்மையில் உங்கள் பயத்துக்கெல்லாம் பதில் வைத்திருப்பவர் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு வாய்த்தவர் நடுத்தர வயது அம்மா. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். தைராய்டுக்கு ஒன்று, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன். அட்டைகளைக் கையோடு கொண்டு போயிருந்தேன். "நாட்டு மருந்து, சித்த மருந்து, பொடி, லேகியம் ஏதாவது?" என்று தனியாகக் கேட்டார். அதையெல்லாம் மருந்து என்றே நினைக்காமல் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்களாம். சில மூலிகைகள் ரத்தம் உறைவதைப் பாதிக்கும் என்றார். இதற்கு முன் மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா, குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தில் சிக்கல் வந்ததா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேள்விகள் தொடர்ந்தன. "குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களை மயக்கத்துக்குப் பிறகு கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கேள்வி.

பிறகு வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். தொண்டையில் குழாய் வைப்பது எளிதா கடினமா என்பதை அதிலிருந்தே கணிப்பார்களாம். முன்பல் ஒன்றில் கேப் போட்டிருப்பதைச் சொன்னேன், உடனே குறித்துக்கொண்டார். ஆடுகிற பல், கட்டிய பல், பல் செட் எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். குழாய் வைக்கும்போது பெயர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடாது.

என் சந்தேகத்தை அப்போதுதான் கேட்டேன். "நடுவுல முழிப்பு வந்துட்டா மேடம்? எழுந்திருக்காமப் போயிட்டா?" அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். "ஊசி போட்டுட்டு நான் எங்கயும் போயிட மாட்டேன்மா. ஆபரேஷன் முடியிற வரைக்கும் உங்க தலைமாட்டுலயேதான் இருப்பேன். உங்க நாடித் துடிப்பு, பிரஷர், ஆக்ஸிஜன், நீங்க விடுற மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு எல்லாம் எனக்கு முன்னாடி ஓடிக்கிட்டே இருக்கும்." நடுவில் விழிப்பது பற்றி வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. முழு மயக்கத்தில் தங்களுக்கு நினைவிருந்ததாக நோயாளிகள் தாமாகச் சொன்னது ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான். அன்று இரவு கொஞ்சம் தூங்கினேன்.

மாத்திரைகளுக்கு அவர் எழுதிக் கொடுத்தது இப்படி: தைராய்டு மாத்திரையை ஆபரேஷன் அன்று காலையில் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கலாம், டெல்மிசார்ட்டன் அன்று வேண்டாம். இது எனக்குச் சொன்னது. பிரஷர் மாத்திரையிலேயே சிலவற்றை நிறுத்தவே கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பொதுவாக மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளின் கணக்கு வேறு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டினி விஷயத்தில் ஆஸ்பத்திரிகள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மயக்கத்தில் இருமலும் விழுங்குதலும் நின்றுவிடும். வயிற்றில் உணவு இருந்தால் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். பொதுவான கணக்கு, லேசான உணவுக்கு ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பதார்த்தம், கறி என்றால் எட்டு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். பால் கலந்த காபியும் டீயும் தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும். நான் இருந்த வார்டிலேயே ஒரு பெரியவருக்குப் பாசத்தில் அதிகாலையில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். கூட இருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லி வைப்பது அவசியம்.

அடுத்தது நகை. மோதிரம், வளையல், மெட்டி, மூக்குத்தி, கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ரத்தக் கசிவை அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடும் என்ற எச்சரிக்கைக்காக. தாலியைக் கழற்றுவது எங்கள் அத்தைக்கு மனதுக்கு ஒப்பவில்லை. சிஸ்டரே வழி சொன்னார்: மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அத்தையே கட்டிவிட்டார். மூக்குத்தியின் திருகுதான் பல வருடம் கழற்றாததால் இறுகிப் போயிருந்தது. அதை இரண்டு நாள் முன்பே வீட்டில் கழற்றிவிடுவது நல்லது; கடைசி நேரத்தில் மூக்கு வீங்க வேண்டாம். நகப்பூச்சு, மருதாணியும் வேண்டாம் என்பார்கள், விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவி சரியாகக் காட்டாது.

தியேட்டர் குளிரும் என்று யாரும் சொல்லவில்லை. பச்சை கவுனுக்குள் நடுங்கிக்கொண்டே படுத்தேன். நெஞ்சில் வயர்கள் ஒட்டினார்கள், கையில் பிரஷர் பட்டை சுற்றினார்கள். அந்த மேடம் தலைமாட்டில் வந்து என் பெயர், என்ன ஆபரேஷன், ஏதாவது அலர்ஜி உண்டா என்று திரும்பவும் கேட்டார். இத்தனை முறை கேட்கிறார்களே என்று எரிச்சல் பட வேண்டாம். ஆள் மாறிவிடாமல் இருக்கத்தான் இந்தச் சரிபார்ப்பு. முகத்தில் மாஸ்க் வைத்து ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னார். கையில் குத்தி வைத்திருந்த வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் வழியாகப் பால் நிறத்தில் மருந்து இறங்கியது. புறங்கையில் சுருக்கென்று எரிந்தது. கொஞ்சம் எரியும் என்று முன்பே சொல்லியிருந்தார், அதனால் பதறவில்லை. அதுதான் எனக்கு நினைவிருக்கும் கடைசி விஷயம்.

அடுத்த நொடி யாரோ என் பெயர் சொல்லிக் கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். இடையில் கனவு இல்லை, நேரம் போனதே தெரியவில்லை. தூங்கி எழுந்தால் வரும் உணர்வும் இல்லை. தொண்டை கரகரவென்று எரிந்தது, அது குழாய் இருந்த இடம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குளிரும் மயக்க மருந்தும் சேர்ந்து பலருக்கு அப்படி நடுக்கம் வருமாம். சூடான போர்வை போர்த்தினார்கள், சற்று நேரத்தில் அடங்கியது. வாந்திக்கு முன்கூட்டியே ஊசி போட்டிருந்ததால் எனக்குக் குமட்டலோடு நின்றுவிட்டது. பஸ் பயணத்தில் வாந்தி வரும் என்று ஃபிட்னஸ் அறையில் சொல்லியிருந்தேன்; அப்படிப்பட்டவர்களுக்கு மயக்கத்துக்குப் பிறகும் வாந்தி வர வாய்ப்பு அதிகம் என்று அவர் குறித்து வைத்திருந்தார்.

வயிற்று வலியை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் அன்று மாலை என்னைப் படுத்தியது வலது தோள்பட்டை. நெஞ்சில் ஏதோ கோளாறு என்று என் வீட்டுக்காரர் பயந்துபோய் சிஸ்டரைக் கூப்பிட்டார். உப்ப வைத்த வாயுவில் கொஞ்சம் உள்ளே தங்கி உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பும் தோளின் உணர்வு நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே பகுதியிலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். எழுந்து நடந்தால் குறையும் என்றார், அப்படியே குறைந்தது. ஓரிரு நாளில் போய்விட்டது.

நடப்பதில்தான் பாதி குணம் இருக்கிறது. எழுந்திருக்கும்போது நேராக நிமிரக்கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து இருக்கிற பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கச் சொல்வார்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். சிறுநீர் போய்விட்டதா, காற்று பிரிந்ததா என்று சிஸ்டர் வந்து வந்து கேட்பார். கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பெரிய போராட்டம் பத்தியத்தில்தான். பருப்பு சீழ் வைக்கும், முட்டை சீழ் வைக்கும், கத்தரிக்காய் அரிக்கும், தயிர் ஆகாது என்று பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒன்றைக் கழித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சியது ரசம் சாதமும் ரொட்டியும். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும்; பருப்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் மீனும்தான் அதைக் கொடுப்பவை. சீழ் பிடிப்பது கிருமியால், பருப்பால் அல்ல. நான் வாதாடவில்லை. தையல் பிரிக்கப் போனபோது அத்தையையும் கூட்டிப்போய் சர்ஜனிடமே கேட்க வைத்தேன். "அம்மா, அவங்களுக்கு முட்டை அவிச்சுக் குடுங்க, பாசிப்பருப்பு போடுங்க. எண்ணெயும் நெய்யும் மட்டும் கொஞ்ச நாளைக்குக் குறைங்க" என்றார் அவர். அன்று இரவே அத்தை பாசிப்பருப்புக் குழைய வைத்துக் கீரையோடு போட்டார். அவர் என்மேல் வைத்திருக்கும் அக்கறைதான் அந்தப் பத்தியமும், இந்தப் பருப்பும்.

மலச்சிக்கல் சில நாள் படுத்தும், வலி மருந்தும் அதற்கு ஒரு காரணம். தண்ணீரும் நடையும் பழமும் உதவின. அதற்குப் பிறகு எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் உடனே வயிற்றைக் கலக்கும் நிலை கொஞ்ச காலம் இருந்தது. பித்தத்தைச் சேர்த்து வைக்கப் பை இல்லாததால் அது நேராகக் குடலில் இறங்குகிறது, உடம்பு பழகிக்கொள்ளும். எனக்கு எதிர்பாராதது அசதி. துளைகள் சின்னது என்பதால் வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். மதியத்துக்கு மேல் உட்காரவே முடியாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குத் தூக்கக்கூடாது என்று சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி வையுங்கள். காய்ச்சல், கண் மஞ்சளாவது, துளையிலிருந்து நீர் வடிவது, வயிற்று வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, இதில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக்கூடாது. உடனே போய்விட வேண்டும்.

எடுத்த பித்தப்பையைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அந்த முடிவை நாமே கேட்டு வாங்க வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று அது வந்திருக்காது. எனக்கு நாள்பட்ட அழற்சி, வேறு ஒன்றும் இல்லை என்று வந்தது. கூடவே மயக்க மருந்துக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கினேன். என்ன மருந்து கொடுத்தார்கள், குழாய் வைப்பதில் சிரமம் இருந்ததா, பிறகு வாந்தி வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். இனி எனக்கு எந்த ஆபரேஷன் நடந்தாலும் மயக்க மருந்து டாக்டருக்கு முதலில் வேண்டியது அந்தக் காகிதம்தான். ஸ்கேன் படத்தோடும் பயாப்ஸி ரிப்போர்ட்டோடும் சேர்த்து ஒரே ஃபைலில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.