ஏஎஸ்/400-இல் ரெய்டா, மிரரிங்கா?

ஐபிஎம்மின் வணிகக் கணினிக் குடும்பம் ஏஎஸ்/400, ஐசீரிஸ், இன்று பவர் சர்வரில் ஓடும் ஐபிஎம் ஐ என்று பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், டிஸ்க் விஷயத்தில் இந்தக் குடும்பத்தின் குணம் மாறவில்லை. சி டிரைவ், டி டிரைவ் என்ற பேச்சே இதில் கிடையாது. ஏஎஸ்பி என்ற தொகுப்பில் உள்ள எல்லா டிஸ்க்கிலும் டேட்டாவைச் சிஸ்டமே பரப்பி வைக்கும். வேகத்துக்கு இது வரம். ஆனால் பாதுகாப்பு போடாத சிஸ்டம் ஏஎஸ்பியில் ஒரே ஒரு டிஸ்க் அடியோடு போய்விட்டாலும், ஏஎஸ்பி முழுவதையும் டேப்பிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும்.

பாதுகாப்புக்கு இரண்டு வழி. ரெய்டு என்றால், தொலைந்த டேட்டாவைக் கணக்கிட்டு மீட்க உதவும் பேரிட்டி என்ற தகவலையும் டிஸ்க்குகளில் சேர்த்து வைப்பது: ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனாலும், ரெய்டு 6 இரண்டு போனாலும் தாங்கும். மிரரிங் என்றால், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஜோடியாக ஒரு நகல் டிஸ்க். 283 ஜிபி டிஸ்க் 8 இருக்கிறது என்று வையுங்கள். ஒரே செட்டாக ரெய்டு 5 போட்டால் கையில் நிற்பது 1,981 ஜிபி, ரெய்டு 6 என்றால் 1,698, மிரரிங் என்றால் 1,132. இதைப் பார்த்ததும் பலர் ரெய்டு 5 பக்கம் சாய்கிறார்கள். ஆனால் ஒரு சின்ன டேட்டாவை எழுத ரெய்டு 5-இல் டிஸ்க் வேலை நான்கு: பழைய டேட்டா, பழைய பேரிட்டி இரண்டையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். மிரரிங்கில் இரண்டு முறை எழுதினால் போதும். அதைவிட முக்கியம், ரெய்டு காப்பது டிஸ்க்கை மட்டும்தான். எட்டும் ஒரே அடாப்டரில் (டிஸ்க்குகளை மெஷினோடு இணைக்கும் கார்டு) தொங்கினால், அடாப்டர் பழுதானதும் மெஷின் நின்றுவிடும். நாள் முழுக்க பில் போடும் இடமென்றால் மிரரிங்குக்கே என் ஓட்டு.

ரெய்டு போடும்போது வரிசை முக்கியம். புது டிஸ்க்கைச் செருகியதும் அது நான்-கான்ஃபிகர்ட், அதாவது இன்னும் எந்த ஏஎஸ்பியிலும் சேராத, டிஸ்க்குகளின் பட்டியலில் நிற்கும். அந்த நிலையிலேயே எஸ்எஸ்டி (சிஸ்டம் சர்வீஸ் டூல்ஸ்) என்ற பராமரிப்பு மெனுவுக்குள் போய்ப் பேரிட்டியைத் தொடங்குங்கள், அது முடிந்த பிறகு ஏஎஸ்பியில் சேருங்கள். ரெய்டு 5-க்கு அடாப்டரைப் பொறுத்துக் குறைந்தது 3 அல்லது 4 டிஸ்க், ரெய்டு 6-க்கு 4.

மிரரிங்குக்கு மேனுவல் மோடில் ஐபிஎல் செய்து, அதாவது மெஷினை மறுபடி துவக்கி, டிஎஸ்டி (டெடிகேட்டட் சர்வீஸ் டூல்ஸ்) என்ற பராமரிப்பு மெனுவுக்குள் போக வேண்டும். எந்த டிஸ்க்குக்கு எது ஜோடி என்று நீங்கள் சொல்ல முடியாது, சிஸ்டம்தான் சேர்க்கும். நம் கையில் இருப்பது டிஸ்க்கை எந்த அடாப்டரில் வைக்கிறோம் என்பதுதான். ஓர் அடாப்டரில் 6, இன்னொன்றில் 2 என்று வைத்தால் இரண்டு ஜோடிதான் அடாப்டர் தாண்டி அமையும். மீதி நான்கும் ஒரே அடாப்டருக்குள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு கொள்ளளவு டிஸ்க்கையும் இரு பக்கமும் சமமாகப் பிரித்து வையுங்கள். உறுதி கேட்கும் திரையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பாதுகாப்பு எந்த மட்டத்தில் என்று காட்டும். என்டர் தட்டும் முன் அதை வரி வரியாகப் படியுங்கள். எங்காவது டிஸ்க் மட்டம் (ஜோடி இரண்டும் ஒரே அடாப்டரில்) என்றிருந்தால் எஃப்12 போட்டு வெளியே வந்து, டிஸ்க்கை இடம் மாற்றிவிட்டுத் திரும்பப் போங்கள். யூனிட் 1, அதாவது மெஷின் துவங்கும் லோட் சோர்ஸ் டிஸ்க், அதன் ஜோடியோடு எங்கே விழுகிறது என்பதைத் தனியாகக் கவனியுங்கள். தொடங்கியதும் ஜோடியில் ஒன்று ரெஸ்யூமிங் (நகல் எடுக்கப்படுகிறது) என்று நிற்கும். அது ஆக்டிவ் ஆகும் வரை நீங்கள் பாதுகாப்பில்லாமல்தான் ஓடுகிறீர்கள்.

ஆபத்து சத்தமில்லாமல்தான் வரும். ஜோடியில் ஒன்று விழுந்தால் திரையில் சஸ்பெண்டட் என்று ஒரு சொல், ஆபரேட்டர் க்யூவில் ஒரு மெசேஜ், அவ்வளவுதான். யூசர்களுக்கு எதுவும் தெரியாது. தினமும் காலையில் வொர்க் வித் டிஸ்க் ஸ்டேட்டஸ் திரையைத் திறந்து எஃப்11 தட்டுங்கள். ரெய்டு 5 செட் என்றால் ஒன்று ஃபெயில்டு என்றும் மற்றவை அன்புரொடெக்டட் என்றும் காட்டும்.

டிஸ்க்கை உருவும் முன் அதன் இடத்தை அடையாள விளக்கை எரியவிட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். சஸ்பெண்டட் டிஸ்க்கை விட்டுவிட்டு நல்லதை உருவினால் அந்த ஜோடியே போச்சு. டிஸ்க்குக்குப் போகும் முன் டேட்டா தங்கும் கேஷ் நினைவகத்தின் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. அது போனால் ரைட் கேஷ் அணைந்து, மெஷின் திடீரென்று ஊரும். ரிக்கவரி மெனுவில் உள்ள ரீக்ளெய்ம் கேஷ் ஸ்டோரேஜை மட்டும் சர்வீஸ் ஆள் சொல்லாமல் தொடாதீர்கள்: டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் கேஷில் நிற்கும் டேட்டாவை அது தூக்கி எறிந்துவிடும்.