எக்ஸ்ரேயில் சிக்காத ஈச்ச முள்

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஓடைக்கரையில் ஈச்ச மரங்கள் நிறைய. தை மாதம் மட்டை கழிக்கும்போது வலதுகை நடுவிரலின் நடுக்கணுவில் ஒரு முள் ஏறியது. ஈச்ச மட்டையின் அடியில் இருக்கும் இலைகள் முள்ளாகவே மாறியிருக்கும், கோணி ஊசி மாதிரி. உருவி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ராத்திரி அம்மா எருக்கம்பால் வைத்தார். மறுநாள் டி.டி. ஊசி. மூன்று நாளில் வீக்கம் வடிந்தது, முள்ளையும் மறந்தேன்.

மாசிக் கடைசியில் பால் கறக்க உட்கார்ந்தால் விரல் மடங்கவில்லை. கணு மட்டும் நெல்லிக்காய் போல் புடைத்து, தொட்டால் சூடு. சீழும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டால் கொஞ்சம் அடங்கும், நிறுத்தினால் திரும்பவும் புடைக்கும். இப்படி இரண்டு சுற்று. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தம். வாதமோ என்று யூரிக் ஆசிட் வரைக்கும் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம்தான் தர்மபுரியில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். விரலைத் தொடுவதற்கு முன்பே, “முள்ளு கிள்ளு ஏறுச்சாங்களா?” என்றார். அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பு பாதி என்னுடையதுதான்.

முள் என்பது மரம்தானே, எக்ஸ்ரேயில் உலோகம் மாதிரித் தெரியாது என்று விளக்கினார். ஸ்கேன் எடுத்தபோது மூட்டுக்குள் 4 மில்லிமீட்டர் துண்டு. முனை ஒடிந்து உள்ளேயே தங்கியிருக்கிறது. உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, சும்மா விடவும் முடியாது. மூட்டின் உள்சவ்வு வீங்கிக்கொண்டே இருக்கும். கிருமியே இல்லாமலும் இப்படி வீங்குமாம். மாத்திரைக்கு வீக்கம் ஏன் நிற்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கை முழுக்க மரத்துப்போக ஊசி போட்டு, முக்கால் மணி நேரத்தில் முள்ளையும் தடித்த சவ்வையும் எடுத்தார்கள். சவ்வு பரிசோதனைக்குப் போனது. கிருமி எதுவும் வளரவில்லை. முள்ளை ஒரு சின்ன டப்பாவில் காட்டினார்கள். கறுத்துப்போய், ஒரு சீரகம் அளவுதான் இருக்கும். இதற்கா இரண்டு மாதம் என்று அம்மாவுக்குக் கோபம்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். அறுவையைவிட அதற்கப்புறம் விரலை மடக்கிப் பழகியதுதான் உயிரை வாங்கியது. வெந்நீரில் ஊறவைத்து, ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கி அமுக்கி ஆறு வாரம். இப்போது விரல்நுனி உள்ளங்கையைத் தொட ஒரு நூல் பாக்கி. காம்பைப் பிடித்துக் கறக்க அது போதும்.