பரணியில் ஊறிய உளும்பு வாடை

ஜூன் 8, தக்கலை

தோள்வரை தவிட்டு நிறம், கீழே வெண்மஞ்சள். 12 லிட்டர் பழைய பீங்கான் பரணி, ஊறுகாய் ஜாடி. மீன் ஊறுகாயும் உப்புமாங்காயும் மாறி மாறிக் கிடந்தது. வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்தால் அறை முழுக்க உளும்பு வாடை, மீன் கவிச்சி. காரணம் அடிவிளிம்பில் இருக்கிறது. கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) படாத அந்த வட்டத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, விரலில் தேய்த்தால் நறநறக்கிறது: கறியுப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும். நுண்துளைக்குள் காறிக் கிடக்கும் மீன் எண்ணெயின் வாடையும் அதோடு எழும்பும். அதனால் முதலில் உப்பு.

ஜூன் 9

நனைக்கும் முன் சோதனை. அடிவிளிம்பில் ஒரு சொட்டு நீர்: அரை நிமிடத்தில் உறிஞ்சிவிட்டது, நன்றாகக் குடிக்கிற மண். ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை ஓட்டியதில் எங்கும் ஆரஞ்சு ஒளி இல்லை. அரக்கு வைத்து ஒட்டிய பழைய ஒட்டு இருந்தால் அப்படித் தெரியும், அதை நனைக்கக் கூடாது. பொன்பூச்சோ கிளேஸின் மேல் தீட்டிய பூவோ உள்ள சாமானையும் ஊறவைக்க வேண்டாம்.

ஜூன் 10

வெதுவெதுப்பான நீர் 2 லிட்டர், வாசனையில்லாத பாத்திரத் திரவம் அரை டீஸ்பூன், மென்மையான ஸ்பாஞ்ச். எண்ணெய்ப் பிசுக்கு போனது. பிளீச்சிங் தண்ணீர் தொடவே கூடாது. வாடை போனதுபோல இருக்கும். அதன் உப்பு மயிரிழை வெடிப்புக்குள் தங்கிப் படிகமாகி, மாதங்கள் கழித்துக் கிளேஸைச் செதில் செதிலாகத் தள்ளும். கரைத்த சோடா உப்பும் அப்படித்தான். வினிகரும் புளியும் பழைய கிளேஸை அரிக்கக்கூடும்.

ஜூன் 11

பிளாஸ்டிக் தொட்டி, அடியில் மடித்த துண்டு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர். முதலில் இரண்டு அங்குலம் மட்டும். அடியிலிருந்து நீர் ஏற, துளைகளின் காற்று மேலே போகிறது. வெடிப்பு வழியே ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக வந்தன. அவை நின்றபின் உள்ளும் புறமும் ஒரே மட்டமாக நிரப்பியாயிற்று. அவசரப்பட்டு முக்கினால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளும், அங்குள்ள உப்பு அசையாது.

ஜூன் 22

தினமும் நீர் மாற்றம். டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பை அளப்பது): முதல் நாள் 640, நான்காம் நாள் 310, இன்று 40. இரண்டு நாளாக எண் நகரவில்லை, போதும். முதல் மூன்று நாள் தொட்டி நீரே மீன்சந்தையாக நாறியது, நல்ல அறிகுறி.

ஜூலை 12

மரச்சட்டத்தில் சாய்த்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்தல். வெயிலும் அடுப்புச் சூடும் வேண்டாம். உள்நீர் வேகமாக விரிந்தால் வெடிப்பு நீளும். ஊறி எழுந்தபோது எடை 160 கிராம் கூடியிருந்தது. மூன்று நாள் ஒரே எடை காட்டிய பிறகே அடுத்த வேலை. ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும்.

ஜூலை 13

தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கரி (வாடையை ஈர்த்துப் பிடிக்கும் கரி) 150 கிராம். தூசியை வெளியே உதறி, பருத்திப் பையில் கட்டி, சுவரில் படாமல் வாயிலிருந்து தொங்கல். கரித்தூள் வெடிப்பில் இறங்கினால் கறுப்புக் கோடு மாறாது. மேலே கெட்டிப் பாலித்தீன், சணல் கட்டு. காப்பித்தூள் போடுவார்கள்; அது பெரும்பாலும் வாடையை மறைக்கத்தான் செய்யும்.

ஜூலை 27

ஒருமுறை கரி மாற்றியாயிற்று. பையை எடுத்து, ஒரு நாள் மூடிவைத்துத் திறந்தபோது, அடைமழையிலும் முதல் மூச்சில் மண் மணம்தான். மரமூடியில் மட்டும் உளும்பு பாக்கி. அதைத் தனியாக வைத்து, பரணி வாயில் வெள்ளைத்துணி கட்டியிருக்கிறது.