இரண்டு பக்கமும் ஒரே தரகர்

தாம்பரத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்றோம். வாங்குபவருக்கும் எங்கள் தரகரேதான் தரகர் என்பது அட்வான்ஸ் வாங்கும் நாளில்தான் தெரிந்தது. கமிஷன் எங்களிடம் 2 சதவீதம், அவர்களிடம் 1. என்னிடம் "இதுக்கு மேல போகாது சார்" என்றவர், வெளியே போய் அவர்களிடம் "இதுக்குக் கீழ இறங்க மாட்டாங்க" என்று கிசுகிசுத்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேட்டேன். "அது புது புராஜெக்ட் விக்கிறவங்களுக்கு சார், பழைய வீட்டுக்கு இல்ல" என்றார். 2016 ரெரா சட்டத்தைப் படித்துப் பார்த்தேன், மனிதர் சொன்னது சரிதான்.

ஆனால் உழைத்தார். 30 வருட வில்லங்கச் சான்று எடுத்தார். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே கிடப்பதைக் கண்டுபிடித்து, தாலுகா ஆபீசுக்கு அலைந்ததும் அவர்தான். பத்திரப்பதிவு முடிந்ததும் எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தார். பில் மட்டும் என்னிடம் வந்தது.