உயர்தர வரலாறு: ஆளுநர்களின் முன்கதையைப் படியுங்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. வரலாற்றுக்கு ஏ. கலைப்பிரிவு எடுத்ததற்கு முகம் சுளித்த சொந்தக்காரர்கள் இனி என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.

வினாத்தாள் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பிரித்தானிய ஆளுநர்கள் இலங்கைக்குக் கப்பலேறி வருவதற்கு முன் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ரியூசன் குறிப்புகளில் ஹென்றி வார்ட்டும் வில்லியம் கிரகரியும் ஒரே ஆள் மாதிரித்தான் இருப்பார்கள். இருவருக்கும் நீர்ப்பாசனம், இருவருக்கும் வீதி. எனக்கு மனப்பாடம் ஏறாது, ஊர்வம்பு நன்றாக ஏறும். அதனால் கிரகரியின் கதையைத் தேடிப் படித்தேன்.

அயர்லாந்துக்காரர். 1842இல் டப்ளினிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1847இல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்ற பிரிவைச் சட்டத்தில் சேர்க்க வைத்தார். காணியைக் கைவிட்டால்தான் கஞ்சி. அந்தப் பிரிவுக்கே அவர் பெயர்தான். அப்புறம் குதிரைப் பந்தயக் கடனில் பரம்பரை நிலத்தின் பெரும்பகுதி போனது. 1857இலிருந்து கோல்வே உறுப்பினர். 1872இல் இலங்கை ஆளுநர்.

அதே மனிதர்தான் இங்கே குளங்களைத் திருத்தினார், 1873இல் வடமத்திய மாகாணத்தை உருவாக்கினார். இந்த முரண் மண்டையில் ஏறினால் பிறகு வார்ட்டோடு குழம்பாது. ஆனால் ‘பிராயச்சித்தம்’ என்றெல்லாம் விடையில் எழுதிவிடாதீர்கள். கையில் காசு இருந்தது என்று எழுதுங்கள். கோப்பி வருமானம் கொழித்த காலம் அது.

மிச்சம் சுருக்கமாக:

- லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறங்காவலராக இருந்தவர். ஆகவே 1877இல் கொழும்பு அருங்காட்சியகம் திறந்ததில் ஆச்சரியமில்லை.
- கொழும்புத் துறைமுக அலைதடுப்பு: 1875, அடிக்கல் வேல்ஸ் இளவரசர்.
- வார்ட்: ஷெபீல்ட் நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு கிரேக்கப் பக்கத்து அயோனியத் தீவுகளில் பிரித்தானிய உயர் ஆணையர், 1855இல் இலங்கை ஆளுநர், 1856 நீர்ப்பாசனச் சட்டம். 1860இல் சென்னைக்கு ஆளுநராகப் போய் அங்கேயே கொலராவில் இறந்தார்.

கிரகரிக்குப் பின் வந்த லோங்டன் காலத்தில் கோப்பி சரிந்தது. கிரகரியையும் லோங்டனையும் ஒப்பிடச் சொன்னால் ஆளின் திறமையை விட்டுவிட்டு வருமானத்திலிருந்து தொடங்குங்கள்.