வாய்க்கால் பாலம் ஏறும்போது

"தம்பி, எங்க ஊர் வாய்க்கால் பாலம் ஏறும்போதுதான் அந்த மஞ்சள் லைட்டு எரியுது. ஒரு தடவை கூட வாங்க, காட்டுறேன்" என்றார் பெரியவர்.

"அதெல்லாம் வேண்டாங்க ஐயா, ஸ்கேனர்லயே வந்துடுச்சு" என்றேன்.

போன மாசியில் அவர் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது நடந்தது. மஞ்சள் லைட்டு என்றால் எஞ்சினில் கோளாறு என்று காட்டும் விளக்கு. அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

வண்டி தனக்குள் பதிந்து வைக்கும் கோளாறு எண்ணை ஸ்கேனர் படித்துக் காட்டும். அதில் வந்தது பி0302. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அதில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. ஆனால் பட்டறையில் நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடியது. விட்டு விட்டு வரும் கோளாறில் இதுதான் தொல்லை. தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும். எண் மட்டும் உள்ளே தங்கியிருக்கும். கோளாறு பதிவான நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதும் கூடவே இருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்போம். அதையும் பார்த்தேன். வேகம் 14 கிலோமீட்டர், கூலன்ட் 88 டிகிரி. பார்த்த பிறகுதான் எண்ணை அழித்தேன். அழித்தால் அந்த விவரமும் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

கடைத்தெரு நெரிசலிலும் 14 வரும்தான். ஆனால் குறுகலான பாலத்து மேட்டில் ஏறும் வண்டியும் அந்த வேகத்தில்தான் ஏறும். அவர் சொன்னதையேதான் ஸ்கேனரும் சொல்லியிருக்கிறது.

அந்தச் சிலிண்டரில் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினேன். பழைய காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டியிருந்தால், எண் பி0303 ஆகிறதா, அதாவது காயிலில்தான் கோளாறா என்று பார்த்திருக்கலாம். மாற்றிப் போட கால் மணி நேரம் போதும். ஆனால் எப்போது வரும் என்றே தெரியாத கோளாறுக்கு வண்டியை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது? அவரும் மறுநாள் குடும்பத்தோடு வைத்தீஸ்வரன்கோயில் போக வேண்டும் என்றார். வண்டி கொண்டுவருகிற ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள், மழை என்பார்கள், பெட்ரோல் பங்க் என்பார்கள். எல்லாவற்றுக்கும் கூடப் போனால் பட்டறை நடக்காது. இதை இப்போதும் நம்புகிறேன். அவர் விஷயத்தில் மட்டும் சொல்ல முடியவில்லை.

பத்து நாளில் திரும்பி வந்தார். அதே எண். இந்த முறை நானே கேட்டுக் கூடப் போனேன். நீடாமங்கலம் தாண்டி உள்ளே போகிற சாலை. பாலத்து மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் வண்டி திக்கியது, விளக்கு சிமிட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பானட்டைத் திறந்து காயில் வயரைத் தடவிக்கொண்டே போனேன். வயர் காயிலில் மாட்டுகிற கப்ளருக்கு ஒரு சாண் கீழே எலி கடித்திருந்தது. செம்பில் இரண்டே இழை மிச்சம். பக்கத்தில் வைக்கோல் துணுக்கு, நெல் உமி. தாளடி அறுத்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். அவர் வண்டி நிற்பதோ வைக்கோல் போருக்குப் பக்கத்தில். இந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வயரைச் சேர்த்து ஈயம் வைத்துச் சுற்றிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. காயில் காசைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "பழசுதானே தம்பி, மாத்துனதும் நல்லதுக்குத்தான்" என்று அவர் முந்திக்கொண்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். 90,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, எப்படியும் காயில் போகிற காலம்தான்.

கழற்றிய காயில் அலமாரியில் இருக்கிறது. போன வாரம் அதே மாடல் வண்டி ஒன்று வந்தது. மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கையில் எடுத்தேன். அப்புறம் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.